எண்ணெய்க்கு முன்னால் தண்ணீர்

அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863-இல், வாஷிங்டனின் அரசு அச்சகம் சிப்பாய்களுக்கென்று ஒரு சின்னக் கையேட்டை வெளியிட்டது. அந்த ஆண்டு மாதிரி ரைஃபிளை எப்படிக் கழற்றுவது, துடைப்பது, திரும்ப மாட்டுவது என்பதுதான் விஷயம். குழலைச் சுத்தம் செய்ய அதில் சொல்லியிருக்கும் முறை எளிமையானது. கேப்பு மாட்டும் நிப்பிளின் துளையை மிருதுவான மரக்குச்சியால் அடைத்துவிட்டு, குழலின் வாய்வழியே ஒரு கில் தண்ணீர், அதாவது ஏறத்தாழ 118 மில்லிலிட்டர், ஊற்ற வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர் கிடைத்தால் இன்னும் நல்லது. உள்ளே படிந்த கசடு ஊறுவதற்குக் கொஞ்ச நேரம் விட்டு, வாயையும் ஒரு மரக்கட்டையால் அடைத்து, குழலை மேலும் கீழும் குலுக்கிக் கொட்ட வேண்டும். கொட்டுகிற தண்ணீர் தெளிந்து வரும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பிறகு வடியவிட்டு, கோலில் துணி சுற்றி உலரத் துடைத்து, கடைசியாக லேசாக எண்ணெய் தொட்ட துணியை ஒரு முறை ஓட்டினால் வேலை முடிந்தது.

எண்ணெய் கடைசியில்தான் வருகிறது, அதுவும் பெயருக்கு. மற்றதெல்லாம் தண்ணீர்.

இன்று நவீனத் துப்பாக்கி வைத்திருப்பவரிடம் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார். இழைத்து வழவழப்பாக்கிய எஃகுக் குழலுக்குள் யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா? அவர் பழகிய முறையில் பெட்ரோலியக் கரைப்பானும் எண்ணெயும் மட்டுமே உண்டு. அவர் துப்பாக்கிக்கு அது சரியும்கூட. ஆனால் குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, கோலால் கெட்டிக்கும் பழைய வகைத் துப்பாக்கியில் எரிவது வேறு மருந்து. மிஞ்சுவதும் வேறு அழுக்கு. நம் பக்கத்தில் நாட்டுத் துப்பாக்கி என்று சொல்வதும் பெரும்பாலும் இந்த வகைதான். அமெரிக்காவில் இந்த ரகத்தை விளையாட்டாகவும் வேட்டைக்காகவும் இன்றும் சுடுகிறார்கள். 1933-இல் தொடங்கிய தேசிய வாய்க்கெட்டுத் துப்பாக்கிச் சங்கம் இண்டியானா மாநிலத்தின் ஃப்ரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில் ஆண்டுதோறும் போட்டிகள் நடத்துகிறது. அந்த உலகத்தில் எந்தக் கரைப்பான் சிறந்தது என்பது தீராத வழக்கு. ஆளுக்கொரு புட்டி, ஆளுக்கொரு கைப்பக்குவம். கசடு என்ன பொருள் என்று முதலில் பார்த்துவிட்டால் வழக்கின் முக்கால்வாசி தானாகவே தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

கருமருந்தில் மூன்றே சரக்கு: வெடியுப்பு சுமார் 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். இது எரிந்தால் எல்லாம் வாயுவாகிப் பறந்துவிடுவதில்லை. இங்கிலாந்தின் ஆண்ட்ரூ நோபிளும் ஃபிரெடெரிக் ஏபலும் 1870-களில் மூடிய எஃகுக் கலத்துக்குள் மருந்தை வெடிக்க வைத்து, மிஞ்சியதை நிறுத்துப் பார்த்தார்கள். எடையில் ஏறக்குறைய 43 சதவீதம்தான் வாயு. மீதி 57 சதவீதம் திடப்பொருள். அதில் பெரும்பகுதி பொட்டாசியம் கார்பனேட்டும் பொட்டாசியம் சல்ஃபேட்டும். கூடவே பொட்டாசியம் சல்ஃபைடு, தயோசல்ஃபேட், எரியாத கரி, கொஞ்சம் கந்தகம்.

1861 மாதிரி ஸ்ப்ரிங்ஃபீல்டு ரைஃபிளின் ஒரு வேட்டுக்கு 60 கிரெய்ன் மருந்து, அதாவது 3.9 கிராம். ஒவ்வொரு வேட்டும் 2.2 கிராம் திடக்கசட்டை உண்டாக்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். சிப்பாயின் தோல்பையில் இருந்த 40 தோட்டாக்களையும் சுட்டுத் தீர்த்தால் கிட்டத்தட்ட 90 கிராம். அதில் ஒரு பகுதி வெள்ளைப் புகையாக வெளியே போய்விடும். அந்தப் புகையே மிதக்கும் உப்புத்தூள்தான். மீதி குழலுக்குள் தங்கும். வெடிக்கும் கணத்தில் அது உருகிய துளிகளாக இருக்கும். பொட்டாசியம் கார்பனேட் 891 டிகிரியில் உருகக்கூடியது. குளிர்ந்த குழல் சுவரில் பட்டதும் உறைந்து கெட்டிப் பூச்சாகிவிடும். அடுத்த வேட்டு அதன் மேல் இன்னொரு பூச்சு போடும். இப்படியே, குண்டைச் சுழலவைக்கும் புரிகளின் பள்ளம் தூர்ந்து, குண்டு இறங்க மறுக்கும்.

ஆக, கறுப்பாகத் தெரிவதால் அதைக் கரி என்று நினைத்துவிடக் கூடாது. கரியின் சாயம் ஏறிய உப்புக்கட்டி அது. பொட்டாசியம் கார்பனேட் 100 மில்லி தண்ணீரில் 110 கிராமுக்கு மேல் கரையும். சல்ஃபேட் சற்று மந்தம். 20 டிகிரியில் 11 கிராம்தான். கையேடு சொன்ன ஒரு கில் தண்ணீரை நாலைந்து முறை மாற்றினால் இரண்டும் போய்விடும். உப்பு கரைந்ததும் கரித்துகளுக்குப் பிடிமானம் போய், தானாகவே மிதந்து வெளியே வரும். பெட்ரோலிய எண்ணெய்க்கோ இந்த உப்புகளைக் கரைக்கும் சக்தி துளியும் கிடையாது. மூலக்கூறு அளவில் பார்த்தால், தண்ணீருக்கு ஒரு பக்கம் நேர்மின் சாயலும் மறுபக்கம் எதிர்மின் சாயலும் உண்டு. அதனால் பொட்டாசியம் அயனியையும் கார்பனேட் அயனியையும் தனித்தனியே சூழ்ந்து பிரித்துவிடும். எண்ணெய்க்கு அந்த இருமுனைத் தன்மை இல்லை. கசட்டின் மேல் எண்ணெய் ஊற்றினால் தாரைப் போல ஒரு கறுப்புப் பிசின்தான் மிஞ்சும். பிறகு அதைப் பிரித்தெடுப்பது தனி வேலை.

ஆனால் கசடு அப்படியே இருந்துவிட்டால் என்ன கெட்டுவிடும்? இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. பொட்டாசியம் கார்பனேட் காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தானே நீர்த்துக் கரைசலாகிவிடும் வகை. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 43 சதவீதத்தைத் தாண்டினாலே போதும். சாப்பாட்டு உப்புக்கு இந்த எல்லை 75. பொட்டாசியம் குளோரைடுக்கு சுமார் 85. சென்னையில் 43-க்குக் கீழே காற்று உலர்வது அரிது. இண்டியானாவின் கோடையிலும் அதே கதைதான். ஆகவே மாலையில் சுட்டுவிட்டுச் சுவரில் சாத்திய துப்பாக்கி, காலைக்குள் தன் குழலுக்குள்ளேயே ஈரப் படலம் ஒன்றைத் தயாரித்து வைத்திருக்கும்.

சுடுபவர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் ஒரு அனுபவமும் இந்த எண்ணோடு பொருந்துகிறது. உலர்ந்த நாளில் கசடு ஓடு போல இறுகி, நாலைந்து வேட்டிலேயே குண்டு முரண்டுபிடிக்கும். புழுக்கமான நாளில் கசடு குழைவாக இருந்து, வெகுநேரம் தொல்லை தராது. இதற்காகவே ஒவ்வொரு வேட்டுக்குப் பிறகும் குழலுக்குள் வாய்வைத்து ஊதும் பழக்கம் ஒன்று உண்டு. மூச்சுக்காற்றில் நிறைந்திருக்கும் ஈரம் கசட்டைத் தளர்த்தும் என்பது காரணம். வேதியியலாகப் பார்த்தால் சரிதான். துப்பாக்கியின் வாயில் முகத்தை வைக்கும் பழக்கத்தை எந்த வேதியியலாலும் நியாயப்படுத்த முடியாது என்பதும் சரி. பல போட்டித் திடல்களில் இதை அனுமதிப்பதில்லை. எச்சில் தொட்ட துணித்துண்டு அதே வேலையைப் பத்திரமாகச் செய்யும்.

ஈரம் வந்தால் துரு வந்துவிடும் என்று நேராகச் சொல்லிவிட முடியாது என்பது இதிலுள்ள இன்னொரு முடிச்சு. பொட்டாசியம் கார்பனேட் கரைசல் கடுமையான காரம். காரத்தில் இரும்பு தன் மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொண்டு ஓரளவு அடங்கியே இருக்கும். அந்தத் தோலைக் கிழிப்பதில் தேர்ந்தது குளோரைடு. எங்கெல்லாம் தோல் கிழிகிறதோ அங்கெல்லாம் ஊசிமுனைக் குழிகள் விழுந்து, குழி உள்நோக்கி ஆழமாகிக்கொண்டே போகும். சல்ஃபைடும் சல்ஃபேட்டும் தங்கள் பங்குக்கு இரும்பை அரிக்கும். கார்பனேட் தண்ணீரைக் கூட்டி வருகிறது. அந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு கெடுதலைச் செய்வது பெரும்பாலும் அதன் கூட்டாளிகள்.

குளோரைடு எங்கிருந்து வந்தது? ஒரு வழி, வெடியுப்பிலேயே இருந்த அழுக்கு. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் வெடியுப்பில் பெரும்பங்கு பீகாரிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் போனது. பீகார் மண்ணைக் கழுவிக் காய்ச்சிய கச்சா உப்பில் சாப்பாட்டு உப்பும் கலந்தே இருக்கும். லண்டனுக்கு வடக்கே வால்தம் ஆபியிலிருந்த அரசு மருந்தாலையில் அதைக் கொதிநீரில் கரைத்து ஆறவிட்டார்கள். பொட்டாசியம் நைட்ரேட் 100 டிகிரியில் 100 மில்லி தண்ணீருக்கு 246 கிராம் கரையும். 20 டிகிரியில் 32 கிராம்தான் நிற்கும். ஆகவே ஆறும்போது படிகமாக இறங்கிவிடும். சாப்பாட்டு உப்போ கொதித்தாலும் ஆறினாலும் 36-இலிருந்து 39 கிராமுக்குள்தான். அது நீரிலேயே தங்கிவிடும். தண்ணீரின் இந்தப் பாரபட்சத்தை வைத்தே நல்ல மருந்து பிறந்தது.

இரண்டாவது வழி கேப்பு. நிப்பிளின் மேல் மாட்டும் செப்புத் தொப்பிக்குள் வைக்கும் கலவையில் அக்காலத்தில் பாதரச ஃபல்மினேட்டோடு பொட்டாசியம் குளோரேட்டும் இருந்தது. குளோரேட் தன் ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டால் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு. இதன் கதை முழுதாக வெளிவந்தது 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில். புகையற்ற மருந்து வந்து கருமருந்து ராணுவத்தை விட்டுப் போன பிறகும் குழல்கள் துருப்பிடித்துக்கொண்டே இருந்தன. எண்ணெய் போட்டுத் துடைத்தாலும் சில நாளில் துரு தலைகாட்டியது. குழலின் உலோகத்துக்குள் ஏதோ அமிலம் ஊறியிருக்கிறது, அது பிறகு ‘வியர்க்கிறது’ என்று கதை கட்டினார்கள். அமெரிக்கச் சுரங்கத் துறையில் வில்பர்ட் ஹஃப் என்பவர் ஆராய்ந்து பார்த்தார். குற்றவாளி அமிலம் இல்லை. கேப்பிலிருந்து வந்த பொட்டாசியம் குளோரைடு. எண்ணெய் அதைக் கரைக்காது. மேலே மூடிவைக்க மட்டுமே செய்யும். எண்ணெய்ப் படலத்தை ஊடுருவி ஈரம் உள்ளே போய்விடும், உப்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், துரு மூடிய கூரைக்கடியில் நிம்மதியாக வளரும். பரிகாரம்: தண்ணீர் விட்டுக் கழுவு. 1863-இன் சிப்பாய்க் கையேடு சொன்ன அதே இடத்துக்கு ஆய்வகமும் வந்து சேர்ந்தது. இன்று விற்கும் கேப்புகள் பெரும்பாலும் குளோரேட் இல்லாதவை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு மூடநம்பிக்கையையும் தட்டிவிடலாம். கண்ணாடி துடைக்கும் அமோனியாத் திரவம் உப்பை ‘முறித்துவிடும்’ என்று பலர் நம்புகிறார்கள். பொட்டாசியம் குளோரைடு அமிலமும் இல்லை, காரமும் இல்லை. முறிப்பதற்கு அதில் எதுவும் இல்லை. அந்தப் புட்டியில் வேலை செய்வது அதிலிருக்கும் தண்ணீர். வாகனக் கண்ணாடி கழுவும் நீலத் திரவத்தைப் பயன்படுத்துபவர்களுக்கும் இதே பதில்தான். அதிலுள்ள மெத்தனால் விஷம் என்பதால் தோலில் படாமல் பார்த்துக்கொள்வது கூடுதல் கவலை.

சரி, தண்ணீர் என்று முடிவாகிவிட்டது. வெந்நீரா, பச்சைத் தண்ணீரா? கொதிநீர்க் கட்சியின் வாதம், உப்பு வேகமாகக் கரையும், குழல் சூடேறித் தானே உலர்ந்துவிடும் என்பது. இரண்டும் உண்மை. ஆனால் சூடான, எண்ணெய்ப் பசையே இல்லாத, அப்போதுதான் கழுவிய இரும்பின் மேல் தண்ணீர் படலமாக மெலிந்து ஆவியாகும் அந்த அரை நிமிடம் இருக்கிறதே, துரு பிறப்பதற்கு அதைவிடத் தோதான நேரம் இல்லை. கொதித்த நீருக்குள் கரைந்த ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை என்பது மெய்தான். படலம் மெலிந்ததும் வெளிக்காற்றின் ஆக்சிஜன் நேராக இரும்பைத் தொட்டுவிடும். வெப்பம் வேகத்தைக் கூட்டும். கண் முன்னாலேயே வெள்ளைத் துணி மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறமாக வெளியே வரும். உப்புகள் கரைவதற்கு வெதுவெதுப்பே தாராளம் என்பதால் கொதிநீரால் பெரிய லாபம் இல்லை என்று நினைக்கிறேன். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், அதற்கு மேல் எதுவும் வேண்டாம். அந்தச் சொட்டுகள் உப்புக்காக இல்லை. குண்டோடு சேர்த்துக் கெட்டிக்கும் துணித்துண்டில் தடவிய கொழுப்பும் மெழுகும் குழலில் ஒட்டியிருக்கும். அவற்றைப் பிடித்துத் தண்ணீரோடு அனுப்புவதற்கு. கடற்கரை ஊர்க்காரர் கிணற்று உப்புத் தண்ணீரில் கழுவினால், போன குளோரைடைத் திரும்ப அழைத்து வந்த கதையாகிவிடும். கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் வேண்டும்.

தண்ணீரையும் எண்ணெயையும் ஒரே புட்டியில் சேர்த்தவர்களும் உண்டு. ஜெர்மனியில் 1904-இல் ராணுவத்துக்காகத் தயாரான பாலிஸ்டால் என்ற எண்ணெய் தண்ணீரில் கலந்தால் பால் போல வெளுத்து ஒன்றாகிவிடும். லேசான காரத்தன்மையும் உண்டு. ஆறு ஏழு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு எண்ணெய் கலந்து, ‘மூஸ் பால்’ என்று செல்லப்பெயரும் வைத்திருக்கிறார்கள். மூஸ் என்பது வட அமெரிக்கப் பெரிய மான். லேத் பட்டறையில் ஊற்றும் கரையும் எண்ணெயிலும் இதைச் செய்யலாம். தண்ணீர் உப்பைக் கரைக்கும். தண்ணீர் ஆவியான பின் எண்ணெய் படலமாகத் தங்கும். வேட்டுக்கு வேட்டு துணித்துண்டில் தொட்டு ஓட்ட இது அருமையான கலவை. ஆனால் நாள் முடிவில் செய்யும் பெரிய கழுவலுக்கு இதையே நம்புவது சரியில்லை. கரைந்த உப்பையும் அந்தப் படலம் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு, தேய்க்கும் ஆல்கஹால், மரத்தரை துடைக்கும் எண்ணெய்ச் சோப்பு மூன்றையும் சம அளவில் கலப்பது இன்னொரு பிரபல முறை. ஊற்றியதும் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்து மயங்கியவர்கள் ஏராளம். பெராக்சைடு உடைந்தால் தண்ணீரும் ஆக்சிஜனும் கிடைக்கும். குமிழிகள் கசட்டை எழுப்பிவிடும் என்பது உண்மை. கழுவிய வெற்று இரும்புக்கு ஆக்சிஜனை நாமே கொண்டுபோய்க் கொடுக்கிறோம் என்பதும் உண்மை. நான் இதைத் தொடமாட்டேன்.

துணித்துண்டில் தடவும் கொழுப்பு என்றேன். அதற்கும் நம் சரித்திரத்துக்கும் நேரான தொடர்பு உண்டு. 1857-இல் இந்தியச் சிப்பாய்களின் கைக்கு வரவிருந்த என்ஃபீல்டு ரைஃபிளின் காகிதத் தோட்டாவில் குண்டு இருந்த முனையைக் கொழுப்பில் தோய்த்திருந்தார்கள். பசுவின் கொழுப்பா பன்றியின் கொழுப்பா என்று எழுந்த சந்தேகம் எங்கே கொண்டுபோய் விட்டது என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கொழுப்பு அங்கே எதற்காக இருந்தது என்று பாடப்புத்தகங்கள் அதிகம் பேசுவதில்லை. கசடுதான் காரணம். ஒவ்வொரு குண்டும் போகும் வழியில் முந்தின வேட்டின் கசட்டைக் கொழுப்பால் குழைத்துவிட்டுப் போக வேண்டும். அப்போதுதான் அடுத்த குண்டு இறங்கும். ஜனவரி இறுதியில், சிப்பாய்கள் தங்களுக்கு ஒப்பான கலவையைத் தாங்களே பூசிக்கொள்ளலாம் என்று அனுமதி வந்தது. நெய்யும் தேன்மெழுகும் கலந்தால் அந்த வேலைக்குப் போதும். வேதியியல் அளவில் எந்தச் சிக்கலும் இல்லை. நம்பிக்கை அதற்குள் உடைந்துவிட்டிருந்தது.

அமெரிக்கர்கள் இதே பிரச்சினைக்கு வேறொரு தந்திரம் செய்தார்கள். இ. டி. வில்லியம்ஸ் என்பவர் 1862-இல் காப்புரிமை பெற்ற குண்டின் அடியில் ஒரு துத்தநாகத் தட்டு இருக்கும். சுடும்போது அது விரிந்து புரிகளைச் சுரண்டிக்கொண்டு போகும். சாதாரணத் தோட்டாக்களோடு இவற்றையும் சில கலந்து கட்டிச் சிப்பாய்களுக்குக் கொடுத்தார்கள்.

குழலைக் கழுவவே கூடாது, இயற்கை எண்ணெயைத் தடவித் தடவிப் ‘பழக்க’ வேண்டும் என்று ஒரு கட்சியும் உண்டு. தோசைக்கல்லைப் பழக்குவது போலத்தான். ஆனால் தோசைக்கல்லில் நடப்பது என்ன? எண்ணெய் அதிக வெப்பத்தில் காற்றோடு சேர்ந்து இறுகி, பிளாஸ்டிக் போன்ற தோலாகிறது. அதன் மேல் நாம் உப்புக்கட்டியைப் பூசி ஊறவைப்பதில்லை. துப்பாக்கிக் குழலில் கல்லின் நிதானமான சூடும் இல்லை; ஒவ்வொரு வேட்டும் அந்தத் தோலைக் கிழித்துவிடும். இன்றைய குழல்கள் இறுக்கமான எஃகு. பழக்குவதற்கு அவற்றில் நுண்துளைகளும் இல்லை. பழகியதாக நினைக்கும் அந்தக் கருந்தோலைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தால், பெரும்பாலும் எண்ணெயும் பழைய கசடும் கலந்த களிம்பாகவே கரைந்து வரும்.

இதுவரை சொன்னதெல்லாம் கருமருந்துக்கு. மாற்று மருந்துகள் வந்த பின் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. 1970-களில் சந்தைக்கு வந்த பைரோடெக்ஸில் வெடியுப்போடு பொட்டாசியம் பெர்குளோரேட்டும் உண்டு. எரிந்தால் குளோரைடு நிச்சயம். இதைச் சுட்டவர் கழுவுவதை மறுநாளைக்குத் தள்ளிப்போடக் கூடாது. கந்தகமே இல்லாத ட்ரிபிள் செவன் தண்ணீரில் சுலபமாகப் போய்விடும் என்றாலும், குழலின் அடியில் மருந்து இருந்த இடத்துக்கு மேலே ஒரு கெட்டி வளையத்தை விட்டுவைக்கும். நேரெதிரானது பிளாக்ஹார்ன் 209. அது நைட்ரோசெல்லுலோஸ் அடிப்படையிலானது. புகையற்ற மருந்தின் குணம். அதன் கசட்டுக்குத் தண்ணீர் ஒத்துவராது. புகையற்ற மருந்துக்கென்று விற்கும் கரைப்பான்தான் வேண்டும். 1903-இல் ஃபிலடெல்ஃபியாவின் ஃபிராங்க் ஹாப்பி உருவாக்கிய ஒன்பதாம் எண் திரவம் போன்றவை இந்த இடத்துக்குரியவை. மருந்து டப்பா மாறினால் கழுவும் புட்டியும் மாற வேண்டும் என்று தெரியாமல், பழைய பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் சோப்புத் தண்ணீர் விட்டுக் குழலைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

நவீன வகை வாய்க்கெட்டுத் துப்பாக்கிகளில் குண்டைப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் உட்கார வைத்துச் சுடுகிறார்கள். அந்தப் பிளாஸ்டிக் புரிகளில் நீளக் கீற்றாக இழுத்துக்கொள்ளும். அதற்குத் தண்ணீர் பயன்படாது. கரிமக் கரைப்பானும் வெண்கலப் பிரஷ்ஷும் வேண்டும். ஈயம் ஒட்டிக்கொண்டால் அதைச் சாதாரணக் கரைப்பான் எதுவும் கரைக்காது. பிரஷ்ஷால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். வினிகரும் பெராக்சைடும் கலந்தால் ஈயம் கரையும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்கிக்கொள்ள வேண்டாம். கரைந்து கிடைப்பது ஈய அசிடேட். தோல்வழியேகூட உடம்பில் ஏறக்கூடிய நஞ்சு.

முறைக்கு வருவோம். தண்ணீர்ப் பக்கெட்டைத் தொடுவதற்கு முன்னால் குழல் காலியா என்று பார்க்க வேண்டும். வெளியே பார்த்து இந்தத் துப்பாக்கியில் குண்டு இருக்கிறதா என்று சொல்ல முடியாது. கோலை உள்ளே விட்டு, வாயருகே விரலால் அடையாளம் பிடித்து வெளியே எடுத்து, குழலின் வெளிப்பக்கமாகவே வைத்து அளந்தால், கோல் அடிவரை போயிற்றா இல்லையா என்று தெரிந்துவிடும்.

ஹாக்கன் பாணி ரைஃபிளில் குழலின் அடி ஒரு கொக்கியில் மாட்டியிருக்கும். ஒரு ஆப்பை உருவினால் குழல் தனியே வந்துவிடும். அதன் அடியைப் பக்கெட்டில் நிறுத்தி, கோலின் நுனியில் துணித்துண்டு மாட்டி மேலும் கீழும் இழுத்தால், நிப்பிள் துளைவழியே தண்ணீர் உறிஞ்சி ஏறும், பீய்ச்சி இறங்கும். முதல் இழுப்பில் மேலே வருவது மைக்கறுப்பு. கூடவே அழுகிய முட்டை நாற்றம் மூக்கில் ஏறும். சல்ஃபைடு தண்ணீரைத் தொட்டு ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்புகிறது என்று அர்த்தம். நாற்றம் மறையும்போது சல்ஃபைடும் போய்விட்டது. அது ஒரு நல்ல அறிகுறி. தண்ணீரை மாற்றினால் சாம்பல் நிறம், இன்னொரு முறை மாற்றினால் கலங்கல், பிறகு தெளிவு. பென்சில்வேனியா பாணி நீண்ட ரைஃபிளில் இந்த வசதி இல்லை. குழலை மெல்லிய ஆணிகள் மரத்தோடு பிணைத்திருக்கும். ஒவ்வொரு முறையும் அவற்றைத் தட்டிக் கழற்றினால் மரம் பிளந்துவிடும். இங்கே கையேட்டு முறைதான் உகந்தது: துளையில் குச்சி, வாய்வழியே தண்ணீர், ஊறல், குலுக்கல். மரத்துக்குள் தண்ணீர் கசியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பலர் தவறவிடும் இடம் குழலின் அடி. 1787-இல் லண்டன் துப்பாக்கிக்காரர் ஹென்றி நாக் காப்புரிமை வாங்கிய அமைப்பைப் பின்பற்றி, பல துப்பாக்கிகளின் அடியில் குழலைவிடக் குறுகலான ஒரு அறை உண்டு. கோலின் துணித்துண்டு அதன் வாசலிலேயே நின்றுவிடும். மேலே பளபளவென்று இருக்கும் குழலின் அடியறையில் பழைய கசடு கல்லாகிக் கிடக்கும். அதற்கென்று ஒரு சிறிய பிரஷ் வைத்துக்கொள்வது நல்லது. இன்னொரு பக்கம் குழலின் வாய். கோலும் பிரஷ்ஷும் அந்த வழியேதான் போய்வர வேண்டும் என்பதால், கோல் உரசி உரசி வாயோரப் புரி தேயும்; குறி பிசகும். பித்தளையில் செய்த வாய்வளையம் ஒன்றை மாட்டிக்கொண்டு கோலை நடுவில் பிடித்தால் இந்தத் தேய்மானத்தைத் தவிர்க்கலாம். பழைய துப்பாக்கிகளில் பலவற்றைக் கெடுத்தது சுட்டது அல்ல, சுத்தம் செய்ததுதான்.

கழுவியதும் உலர்த்துவது அவசரமும் பொறுமையும் கலந்து செய்ய வேண்டிய காரியம். துணித்துண்டு உலர்ந்தே வெளிவரும்வரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மூலைகளில் தங்கிய நீரை விரட்ட டபிள்யூடி-40 போன்ற திரவம் உதவும். 1953-இல் சான் டியகோவில் நீரை விலக்குவதற்கென்றே உண்டாக்கியது அது. அதையே காவல் எண்ணெயாக நம்பி விட்டுவிடக் கூடாது. படலம் மெல்லியது, சீக்கிரம் போய்விடும். அதன் மேல் துரு தடுக்கும் எண்ணெய் ஒன்றைத் தடவ வேண்டும். இப்போதுதான் எண்ணெயின் முறை வருகிறது. மறுநாள் ஒரு வெள்ளைத் துணியை ஓட்டிப் பார்த்து, சாம்பல் நிறம் வந்தால் சும்மா விடலாம். ஆரஞ்சு வந்தால் உப்பு மிச்சமிருக்கிறது. திரும்பத் தண்ணீரிலிருந்துதான் தொடங்க வேண்டும், கூட எண்ணெய் ஊற்றி மறைக்கக் கூடாது. ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பார்ப்பது வழக்கம்.

1863-இன் கையேடு நிப்பிள் துளையில் எண்ணெய் விடாதே என்றும் எச்சரித்திருந்தது. அடைத்துக்கொண்டு முதல் கேப்பு பலிக்காது. நிமிர்த்தி நிறுத்திய துப்பாக்கியில் குழலின் எண்ணெயெல்லாம் மெல்ல வழிந்து அடியில் சேரும் என்பதால், தடவியவுடன் வாயைக் கீழே பார்த்து வைப்பவர்கள் உண்டு. அடுத்த முறை சுடப்போகும்போது, மருந்து கெட்டிப்பதற்கு முன்னால், ஆல்கஹால் தொட்ட துணியால் அந்த எண்ணெயை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். பிறகு வெறும் குழலில் ஒரு கேப்பை மாட்டி, வாயைத் தரையிலுள்ள ஒரு புல்லுக்கு நேரே பிடித்து அடித்துப் பார்ப்பார்கள். புல் அசைந்தால் வழி திறந்திருக்கிறது. அசையாவிட்டால் நிப்பிளைக் கழற்றி, ஊசி விட்டுக் குத்தி, இன்னொரு கேப்பு.